பழைய விளையாட்டுப் பெட்டியும் புதிய கணிப்பொறியும்



பல இல்லங்களின் பரணில் பழைய வானொலிப் பெட்டிக்கும் ஓடாத மின்விசிறிக்கும் இடையே சாம்பல் நிறத்தில் ஒரு சிறு பெட்டி கிடப்பதுண்டு. 1990-களில் தொலைக்காட்சியுடன் இணைத்து ஆடப்பட்ட வீடியோ கேம் பெட்டி அது. அதன் மேல் செருகிய பிளாஸ்டிக் பேழையை நம் பிள்ளைகள் 'கேசட்' என்றே அழைத்தனர். அன்று அதை ஆடிய சிறுவர் சிறுமியர் இன்று தாயும் தந்தையுமாகி விட்டனர். தாம் ஆடியதைத் தம் மக்களுக்குக் காட்ட அவர்கள் விரும்புகின்றனர். ஆனால் பெட்டி இயங்குவதில்லை. இயங்கினாலும் அதை இணைப்பதற்கேற்ற பழைய தொலைக்காட்சி வீட்டில் இல்லை.

இக்குறையைத் தீர்க்கும் மென்பொருள் ஒன்று உண்டு. அதன் பெயர் எமுலேட்டர். அதை நம் வீட்டுக் கணிப்பொறியில் நிறுவுவதற்கு அரை மணி நேரமே போதும். எனினும் அந்த அரை மணி நேரத்திற்குள் ஒரு வினாவும் எழுகிறது: 'இதில் ஆடப்போகும் விளையாட்டு யாருடையது?' நிறுவும் முறையைக் கற்றுத் தருவோர் பலர் இவ்வினாவைத் தாண்டிச் சென்று விடுகின்றனர். முறையையும் வினாவையும் சேர்த்தே இங்குக் காண்போம்.

பெட்டி பிறந்த கதை

1983-ஆம் ஆண்டு ஜூலை 15-ஆம் நாள் ஜப்பானில் நின்டெண்டோ நிறுவனம் ஃபேமிகாம் என்னும் பெட்டியை 14,800 யென் விலையில் வெளியிட்டது. அதன் வடிவமைப்புக்குத் தலைமை ஏற்றவர் மசயுகி உயெமுரா என்னும் பொறியாளர். அவர் 2021-ஆம் ஆண்டு காலமானார். அப்பெட்டியே 1985-இல் வடிவம் மாறி, என்.இ.எஸ். என்ற பெயருடன் அமெரிக்கா சென்றது. ஷிகெரு மியமோட்டோ உருவாக்கிய சூப்பர் மாரியோ பிரதர்ஸ் அதே ஆண்டில் வெளிவந்தது.

நம் நாட்டுக் கடைத்தெருக்களில் விற்றவை பெரும்பாலும் அப்பெட்டியைப் பார்த்துச் செய்யப்பட்ட நகல்களே. உடன் வந்த கேசட்டின் மேல் இலட்சக்கணக்கான விளையாட்டுகள் உள்ளன என்று அச்சிட்டிருப்பர். உள்ளே பார்த்தால் சில விளையாட்டுகளே பெயர் மாறி மாறித் திரும்ப வரும். நம் இளமை நினைவுகளில் ஒரு பகுதி, உரியவரின் இசைவின்றிச் செய்யப்பட்ட நகல்களின் மேல் எழுந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. சிறுவர்கள் அதை அறிந்திருக்கவில்லை. அறிந்த நாம் இனிச் செய்வதைத் தெளிந்து செய்யலாம்.

எமுலேட்டர் என்பது யாது?

பண்டைய துறைமுகங்களில் துபாஷி என்பவர் இருந்தார். அயல்நாட்டு வணிகர் ஒரு வாக்கியம் சொல்ல, அவர் அதைக் கேட்டு நம் மொழியில் உரைப்பார். அடுத்த வாக்கியத்திற்குக் காத்திருப்பார். எமுலேட்டர் செய்வதும் இப்பணியே. பழைய பெட்டிக்கென எழுதப்பட்ட கட்டளைகளை இன்றைய கணிப்பொறி நேரடியாகப் புரிந்துகொள்ளாது. எமுலேட்டர் ஒவ்வொரு கட்டளையாகப் படித்து, 'பழைய பெட்டி இவ்விடத்தில் என்ன செய்திருக்கும்?' என்று கணித்து, அதையே கணிப்பொறியைக் கொண்டு செய்விக்கிறது.

அப்பழைய பெட்டியின் வலிமை மிகச் சிறிது. அதன் செயலி எட்டு பிட் வகையைச் சார்ந்தது. நொடிக்கு ஏறத்தாழ 17.9 இலட்சம் துடிப்புகளுடன் இயங்கியது. உள்ளிருந்த வேலை நினைவகம் 2,048 பைட்டுகள் மட்டுமே. இக்கட்டுரையின் ஒரு பத்தியைக் கூட அதில் முழுமையாக அடக்குவது அரிது. சூப்பர் மாரியோ பிரதர்ஸ் விளையாட்டு முழுவதும் 40 கிலோபைட் அளவே. கைப்பேசியில் எடுக்கும் ஒரு சாதாரணப் புகைப்படம் அதைப்போல் பல மடங்கு பெரியது.

அவ்வாறாயின் பாவிப்பது எளிதன்றோ என்று தோன்றலாம். கடினம் அளவில் இல்லை, காலக்கணக்கில் உள்ளது. படம் வரைவதற்கு அப்பெட்டியில் தனிச் செயலி ஒன்று இருந்தது. அமெரிக்க, ஜப்பானியப் பெட்டிகளில் முதன்மைச் செயலி ஒரு துடிப்பு முன்னேறுவதற்குள் படச் செயலி திரையில் மூன்று புள்ளிகள் நகர்ந்து விடும். விளையாட்டை எழுதியோர் இந்தக் கணக்கை நம்பியே பல நுட்பங்களைச் செய்தனர். ஒரு புள்ளி முந்தினாலும் பிந்தினாலும் சில விளையாட்டுகளில் படம் நடுங்கும். சில நின்றே போகும். 1997-இல் வெளிவந்த நெஸ்டிகிள் போன்ற தொடக்ககால எமுலேட்டர்கள் வேகத்திற்காகத் தோராயமாகக் கணக்கிட்டன. பின்னர் வந்தோர் உண்மையான சில்லுகளைச் சோதித்து, அளந்து, அத்தோராயத்தைப் படிப்படியாகத் திருத்தினர். இவர்களில் பலர் ஊதியமின்றி உழைத்தவர்கள்; தம் நிரலையும் எவரும் படித்துப் பார்க்குமாறு திறந்து வைத்தவர்கள்.

நிறுவும் முறை

தொடங்குவோர்க்கு ஃபேமிகாம் பெட்டியே ஏற்றது. பிளேஸ்டேஷன் போன்ற பிற்காலப் பெட்டிகளுக்குள் தொடக்க நிரல் ஒன்று பதிந்திருக்கும். அதுவும் நிறுவனத்தின் உடைமையாதலால், அதை எங்கிருந்து பெறுவது என்ற சிக்கல் எழும். கேசட் செருகும் ஃபேமிகாம் பெட்டியில் அத்தகைய நிரல் கிடையாது, வேலை எளிதாகிறது.

இதற்கான எமுலேட்டர்கள் பலவற்றுள் மெசன் என்பது துல்லியத்திற்குப் பெயர் பெற்றது. விண்டோஸ், லினக்ஸ், மேக் ஆகிய மூன்றிலும் இயங்கும், இலவசமானது, திறந்த மூல மென்பொருள். அதை உருவாக்கியவரின் சொந்தத் தளத்திலிருந்தோ, அவர் நிரலை வைத்துள்ள கிட்ஹப் பக்கத்திலிருந்தோ மட்டுமே பதிவிறக்கம் செய்தல் வேண்டும். தேடும்போது முதலில் வந்து நிற்கும் விளம்பரத் தளங்களை ஒதுக்கி விடுக.

பதிவிறக்கிய கோப்பு சுருக்கப்பட்டிருந்தால், அதைத் தனிக் கோப்புறையில் விரித்துக் கொண்டு நிரலைத் திறக்க வேண்டும். முதன்முறை திறக்கையில், அமைப்புகளையும் சேமிப்புகளையும் எங்கே வைப்பது என்றும், எந்த விசைகளைக் கொண்டு ஆட விரும்புகிறீர் என்றும் அது வினவும். பழைய பெட்டியின் கைக்கருவியில் நான்கு திசைகள், ஏ, பி, செலக்ட், ஸ்டார்ட் என எட்டு உள்ளீடுகளே உண்டு. ஆகவே விசைப்பலகையிலேயே ஆடலாம். யுஎஸ்பி ஜாய்ஸ்டிக் இருப்பின் அதை இணைத்துவிட்டு, அமைப்புப் பகுதியில் ஒவ்வோர் உள்ளீட்டுக்கும் உரிய பொத்தானை அழுத்திக் காட்டினால் போதும். அதன்பின் கோப்புப் பட்டியலில் 'திற' என்பதற்குரிய இடத்தை அழுத்தி விளையாட்டுக் கோப்பைத் தேர்ந்தால் ஆட்டம் தொடங்கி விடும்.

விளையாட்டுக் கோப்பைப் பற்றியும் அறிந்துகொள்வது நலம். அது கேசட்டின் உள்ளடக்கத்தை எழுத்துக்கு எழுத்து படியெடுத்தது. அதன் முன்னால் 16 பைட் அளவுள்ள ஒரு முகவுரை இருக்கும். கேசட்டில் நிரல் எவ்வளவு, படங்கள் எவ்வளவு, கூடுதல் சில்லு எது என்பனவற்றை அம்முகவுரை சொல்லும். முகவுரை பிழையாக இருந்தால் விளையாட்டு திறவாது. அது எமுலேட்டரின் குற்றமன்று.

சீர்செய்ய வேண்டிய நான்கு

முதலாவது, படத்தின் விகிதம். அப்பெட்டி 256 புள்ளி அகலமும் 240 புள்ளி உயரமும் கொண்ட படத்தை வரைந்தது. பழைய தொலைக்காட்சி அதைச் சற்று அகலப்படுத்திக் காட்டியது. இன்றைய நீண்ட திரை முழுவதையும் நிரப்புமாறு இழுத்தால் மாரியோ குட்டையாகவும் பருமனாகவும் தோன்றுவார். அமைப்பில் பழைய தொலைக்காட்சிக்குரிய விகிதத்தைத் தேர்ந்து, இருபுறமும் கருமை இருக்கட்டும் என்று விட்டுவிடுவதே முறை.

இரண்டாவது, வேகம். அமெரிக்க, ஜப்பானியப் பெட்டிகள் நொடிக்கு ஏறத்தாழ 60 படங்களைக் காட்டின. ஐரோப்பியப் பெட்டிகள் 50 படங்களையே காட்டின. ஒன்றுக்கென எழுதிய விளையாட்டை மற்றொன்றில் ஓட்டினால் இசையும் ஓட்டமும் மாறிவிடும். எமுலேட்டர் இதைத் தானே ஊகிக்கும்; இசை இழுப்பது போலத் தோன்றினால் வட்டாரம் என்னும் அமைப்பைப் பார்க்க வேண்டும்.

மூன்றாவது, மினுக்கம். அப்பெட்டியால் ஒரு கிடைவரியில் நகரும் உருவத் துண்டுகள் எட்டுக்கு மேல் காட்ட இயலாது. எதிரிகள் கூட்டமாக வரும்போது உருவங்கள் மினுங்கியது இதனாலேயே. இவ்வரம்பை நீக்கும் வசதி எமுலேட்டரில் உண்டு. ஆனால் சில விளையாட்டுகள் உருவத்தை மறைப்பதற்கு இவ்வரம்பையே பயன்படுத்தின. அங்கு வரம்பை நீக்கினால் மறைய வேண்டியது வெளியே தெரியும். பழைய குறையையும் உள்ளவாறே விட்டு ஆடுவது நன்று.

நான்காவது, துப்பாக்கி. வாத்துகளைச் சுடும் டக் ஹன்ட் விளையாட்டை மறந்தவர் யார்? அத்துப்பாக்கியிலிருந்து எதுவும் வெளியேறுவதில்லை. விசையை இழுத்ததும் திரை கணநேரம் கருமையாகும். அடுத்த கணத்தில் வாத்து இருந்த இடம் மட்டும் வெண்மையாகும். அவ்வெளிச்சத்தைத் துப்பாக்கி முனையிலுள்ள உணரி கண்டால் குறி தப்பவில்லை என்று பொருள். பழைய படக்குழாய்த் தொலைக்காட்சியின் காலக்கணக்கை நம்பி அமைந்ததால், இன்றைய தட்டைத் திரையில் அத்துப்பாக்கி வேலை செய்யாது. எமுலேட்டரில் சுட்டியே துப்பாக்கியாகிறது. பெரிய தொலைக்காட்சியுடன் கணிப்பொறியை இணைத்து ஆடுவோர், தொலைக்காட்சியில் 'கேம் மோட்' என்னும் அமைப்பை இயக்கினால் பொத்தானுக்கும் படத்திற்கும் இடைப்பட்ட தாமதம் குறையும்.

சட்டம் சொல்வது என்ன?

இனி, தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு வருவோம். எமுலேட்டர் வேறு, விளையாட்டு வேறு. இவ்விரண்டையும் பிரித்தறியாததே பெருங்குழப்பத்திற்குக் காரணம்.

1999-ஆம் ஆண்டு கனெக்டிக்ஸ் என்னும் அமெரிக்க நிறுவனம், பிளேஸ்டேஷன் விளையாட்டுகளை மேக் கணிப்பொறியில் ஓட்டும் எமுலேட்டரை விற்றது. சோனி வழக்குத் தொடுத்தது. 2000-ஆம் ஆண்டு பிப்ரவரியில் அமெரிக்காவின் ஒன்பதாம் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் கனெக்டிக்ஸ் பக்கம் தீர்ப்பளித்தது. பெட்டி எவ்வாறு இயங்குகிறது என்பதை ஆராய்ந்தறியும் பொருட்டு அதன் நிரலைப் படியெடுத்தது நியாயமான பயன்பாடே என்பது அத்தீர்ப்பின் சாரம். பதினெட்டு ஆண்டுகள் கழித்து, 2018 டிசம்பரில், சோனியே பிளேஸ்டேஷன் கிளாசிக் என்னும் சிறு பெட்டியை 20 விளையாட்டுகளுடன் விற்றது. அதனுள் இயங்கியது ஆர்வலர்கள் உருவாக்கிய திறந்த மூல எமுலேட்டர் ஒன்று! நின்டெண்டோவும் 2016-இல் விற்ற சிறு என்.இ.எஸ். பெட்டியில் எமுலேட்டரையே பயன்படுத்தியது. கருவி குற்றமுடையதன்று என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

விளையாட்டின் நிலை வேறு. அதை எழுதியவர், வரைந்தவர், இசையமைத்தவர் உழைப்பின்மேல் உரிமை உள்ளது. பழையது என்பதால் அவ்வுரிமை அற்றுப் போவதில்லை. அமெரிக்காவில் நிறுவனத்தின் பணியாக உருவான படைப்புக்கு வெளியீட்டிலிருந்து 95 ஆண்டுகள் உரிமை உண்டு. 2018-இல் நின்டெண்டோ தொடுத்த வழக்கில், விளையாட்டுக் கோப்புகளை அள்ளி வழங்கிய இணையதளத்தினர்க்கு எதிராக ஒரு கோடியே இருபது இலட்சம் டாலருக்கு மேற்பட்ட தொகைக்குத் தீர்ப்பு வந்தது. நம் இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957, அதன் 52-ஆம் பிரிவில், ஒரு கணிப்பொறி நிரலின் படியை முறையாகப் பெற்று வைத்திருப்பவர், அது அழிந்து போகாதவாறு காப்புக்காகப் படியெடுக்க இடம் தருகிறது. ஊரார் கேசட்டைப் படியெடுக்கவோ, எடுத்ததை ஊருக்கு வழங்கவோ அப்பிரிவு இடம் தருவதில்லை.

எனினும் மறுபக்கத்தையும் கேட்பதே நீதி. 2023-இல் அமெரிக்காவின் வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் வெளியிட்ட ஆய்வின்படி, அந்நாட்டில் 2010-க்கு முன் வெளிவந்த விளையாட்டுகளுள் 87 விழுக்காடு இன்று கடையில் வாங்கக் கிடைப்பதில்லை. கேசட்டுகளோ முதுமை அடைகின்றன. ஆட்டத்தின் நிலையைச் சேமிக்கும் பொருட்டுப் பல கேசட்டுகளில் சிறு மின்கலம் வைக்கப்பட்டது. அது தீர்ந்ததும் சேமித்தவை அழிந்து போகும். படியெடுப்போர் எவரும் இல்லாதிருந்தால் பல விளையாட்டுகள் சுவடின்றி மறைந்திருக்கும். ஓலைச்சுவடிகளைத் தேடி ஊர் ஊராக அலைந்து படியெடுத்தவர்களால் அன்றோ நம் பழந்தமிழ் நூல்கள் நமக்குக் கிடைத்தன? விற்பவர் விற்பதை நிறுத்தி, காப்பவரையும் தடுப்பாராயின், இழப்பு அனைவர்க்குமே. இச்சிக்கலுக்குச் சட்டம் இன்னும் முழு விடை தரவில்லை. ஆனால் காப்பகம் ஒன்றுக்குள்ள நியாயத்தை, காசு தர மனமில்லாதவர் தமக்குப் போர்வையாக்கிக் கொள்ளலாகாது.

நேர்வழிகள் மூன்று

முதல் வழி, உரியவரே இலவசமாக வழங்கிய விளையாட்டுகள். அப்பழைய பெட்டிக்கென இன்றும் புதிய விளையாட்டுகளை எழுதுவோர் உள்ளனர் என்பது பலர்க்கு வியப்பாயிருக்கும். நோவா த ஸ்க்விரல் என்னும் அணில் விளையாட்டு, நிரலுடன் திறந்த மூலமாகவே கிடைக்கிறது. எமுலேட்டரை நிறுவியதும் சோதித்துப் பார்ப்பதற்கு இத்தகையவை மிகவும் ஏற்றவை.

இரண்டாம் வழி, விலைக்கு வாங்குதல். 2019-இல் வெளிவந்த மைக்ரோ மேஜஸ் என்னும் விளையாட்டில் நால்வர் சேர்ந்து ஆடலாம். பழைய மாரியோவைப் போலவே முழு விளையாட்டையும் 40 கிலோபைட்டில் அடக்கியுள்ளனர் அதைச் செய்தோர். எமுலேட்டரில் ஆடத்தக்க கோப்பாகவே அதை விற்கின்றனர். சிறு தொகைதான், எழுதியவர் கைக்கே பெரும்பகுதி சேரும்.

மூன்றாம் வழி, உங்களுக்குச் சொந்தமான அசல் கேசட்டைப் படியெடுத்தல். கேசட்டைச் செருகி, யுஎஸ்பி வழியே கணிப்பொறியுடன் இணைத்து, உள்ளடக்கத்தைப் படிக்கும் கருவிகள் விற்கப்படுகின்றன. செருகுமுன் கேசட்டின் செப்புப் பற்களை ஐசோப்ரொபைல் ஆல்கஹால் நனைத்த பஞ்சினால் துடைக்க வேண்டும். அக்காலத்தில் நாம் செய்ததுபோல் வாயால் ஊதுதல் ஆகாது. மூச்சின் ஈரம் பற்களை நாளடைவில் அரிக்கும்.

இம்மூன்றையும் விட்டு, ஆயிரம் விளையாட்டுகள் இலவசம் என்று அழைக்கும் தளங்களுக்குச் செல்வோர்க்கு மற்றோர் ஆபத்தும் உண்டு. அக்காலத்தில் முறையாக வெளிவந்த ஃபேமிகாம் கேசட்டுகளுள் மிகப் பெரியதே ஒரு மெகாபைட் அளவினதுதான். விளையாட்டு என்ற பெயரில் பல மெகாபைட் அளவுள்ள, தானே இயங்கும் நிரல் ஒன்று இறங்கினால், அது விளையாட்டாக இருக்க இயலாது. அதைத் திறவாமல் அழித்து விடுக. வங்கிக் கணக்கும் குடும்பப் புகைப்படங்களும் உள்ள கணிப்பொறியில் முன்பின் அறியாதவரை உள்ளே விடுவது தகுமோ?

பிள்ளைகளுடன் ஆடுங்கால்

பழைய விளையாட்டுகள் கடுமையானவை. மூன்று உயிர் போனால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். எமுலேட்டரிலோ எந்தக் கணத்திலும் ஆட்டத்தை அப்படியே உறையச் செய்து சேமிக்கலாம். தவறினால் அக்கணத்திற்கே திரும்பலாம். சிறு பிள்ளைகளுக்கு இது பேருதவி. அம்மா சமையலுக்கு அழைத்தால் அப்படியே நிறுத்தி எழுந்து செல்லலாம்; 'இந்தக் கட்டம் முடியட்டும்' என்ற வாதத்திற்கு இடமில்லை. ஆனால் வளர்ந்த பிள்ளைகளிடம், ஒரு கட்டத்தையாவது சேமிக்காமல் கடந்து பார் என்று சொல்லுங்கள். விழுந்து எழுந்து அடைந்த வெற்றியின் சுவை அப்போதுதான் தெரியும்.

ஆர்வமுள்ள பிள்ளைகளுக்கு அடுத்த படியும் இங்கே உண்டு. மெசனில் செயலியின் ஒவ்வொரு கட்டளையையும் நிறுத்தி நிறுத்திப் பார்க்கும் சோதனைப் பகுதி உள்ளது. படத்துண்டுகள் எங்கே உள்ளன, நினைவகத்தில் எந்த எண் எப்போது மாறுகிறது என்பனவற்றைக் கண்ணாரக் காணலாம். இன்றைய கணிப்பொறியின் உட்புறத்தை ஒரு மாணவன் முழுமையாக அறிந்துகொள்வது அரிது. 2,048 பைட் கொண்ட பெட்டியை முழுமையாக அறிந்துகொள்ள முடியும். பொறியியல் படிக்க விரும்பும் பிள்ளைக்கு இது நல்ல தொடக்கமாகும்.

வரும் விடுமுறையில் தந்தையும் மகளும், தாயும் மகனும் அருகமர்ந்து இதை நிறுவுங்கள். எந்த விளையாட்டை எங்கிருந்து பெறுவது என்பதைப் பிள்ளைகளின் முன்னிலையிலேயே பேசி முடிவு செய்யுங்கள். 'இதை எழுதியவருக்கு நாம் என்ன தர வேண்டும்?' என்று பெற்றோர் கேட்பதை ஒருமுறை காதால் கேட்ட பிள்ளை, நாளை தனியே கணிப்பொறியின் முன் அமரும்போதும் அக்கேள்வியைத் தன்னிடமே கேட்டுக்கொள்ளும்.